கொலுசுப் பட்டறைக் கழுத்தும் சீனத்து ஊசியும்

செவ்வாய்ப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்குச் சேலத்தின் தொழில்கள் எல்லாம் வலிகளாகத்தான் அறிமுகமாகின்றன. பிடரியில் கை வைத்தபடி வருகிறவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர். தாழ்வான பலகைக்கு முன்னால் சம்மணமிட்டு, நாள் முழுவதும் தலை கவிழ்ந்து கண்ணி கோக்கிறவர், சலங்கை பற்றவைக்கிறவர். தோளைப் பிசைந்துகொண்டு வருகிறவர் அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்காரர். குழித்தறியில் நாடாக் கயிற்றை இழுத்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் இடுப்பைக் காட்டுவார்கள். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று பறித்து, நிரம்பிய மூட்டையையும் சுமந்து வர வேண்டிய வேலை அது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வலிக்கு நல்லதாக ஒன்று கொடுங்கள், அண்ணா."

அவர்கள் நல்லது என்று சொல்வது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக். சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும். நான் இல்லை என்று சொன்னால் அடுத்த தெருவில் கிடைத்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சில நாட்களுக்கு இந்த மாத்திரைகள் நல்ல காரியம்தான் செய்கின்றன. வருடக்கணக்கில் அன்றாடம் விழுங்கினால் இரைப்பையில் புண், ஏறும் இரத்த அழுத்தம், கெட்டுப்போகும் சிறுநீரகம் என்று பிற்பாடு வசூலிக்கின்றன. மருந்து விற்கிறவனே இதைச் சொல்வது வியாபார புத்தி இல்லை என்று என் அக்கா திட்டுவாள். அவளுடைய வீட்டுக்காரரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் கொஞ்ச காலமாக என்னிடம் இன்னொன்றும் கேட்கிறார்கள்: "அக்குபஞ்சர் பார்க்கலாமா?" ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'எல்லாம் ஏமாற்று' என்பது ஒன்று. 'சர்க்கரை முதல் புற்றுநோய் வரை எல்லாம் போய்விடும்' என்பது மற்றொன்று. கடைக்கு வரும் படித்தவர்கள் முதல் பதிலையும், வாட்ஸ்அப் பார்க்கிறவர்கள் இரண்டாவதையும் சொல்கிறார்கள். சிலர் இரண்டையும் சொல்கிறார்கள். கேள்வியே அரைகுறையாக இருக்கிறது என்பது என் கட்சி. எந்த நோய்க்கு, யாரிடம், எதற்குப் பதிலாக என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்த ஊசி. ஊசி என்றதும் நம் ஊரில் கேட்பது, உள்ளே என்ன மருந்து போகிறது என்பது. ஒன்றும் போவதில்லை. இது துளையில்லாத கெட்டி ஊசி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வழக்கமாகப் பயன்படுத்துவது கால் மில்லிமீட்டர் தடிமன். இரத்தம் எடுக்கும் ஊசி ஒன்றின் தடிமன் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்; அதன் துளைக்குள்ளேயே இந்த அக்குபஞ்சர் ஊசியைச் செருகிவிடலாம். ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துத் தோலின் மேல் நிறுத்தி, விரலால் ஒரு தட்டு. தோலைத் தாண்டியதும் குழாயை உருவிவிட்டு, வேண்டிய ஆழத்துக்குச் செலுத்துகிறார்கள். நெற்றியிலும் காதிலும் சில மில்லிமீட்டர். சதைப்பற்றான இடத்தில் சில சென்டிமீட்டர். பிறகு இருபது முப்பது நிமிடங்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். சில சமயம் ஊசிகளில் ஒயர் மாட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுப்பதும் உண்டு.

எங்கே குத்துவது என்பதற்குச் சீன மரபு ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் பாதைகளில் ஓடுகிறது, பாதை அடைபட்டால் வலியும் நோயும் வருகின்றன என்பது அதன் அடிப்படை. முதன்மைப் பாதைகள் பன்னிரண்டு, நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு, ஆக 14. அவற்றின் மேல் 361 புள்ளிகள். உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் பிரிவு 2008இல் இந்தப் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. சீனா, ஜப்பான், கொரியா மூன்றும் சில புள்ளிகளின் இடத்தில் ஒத்துப்போகாமல் இருந்ததுதான் காரணம். அளவுக்கு ஸ்கேல் கிடையாது. நோயாளியின் கட்டைவிரல் அகலமே ஓர் அலகு. நான்கு விரல் சேர்த்தால் மூன்று அலகு. சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகளையும் நோயாளியின் விரற்கடையால்தான் அளக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் அவரவர் அளவுகோல் அவரவர் கையிலேயே இருக்கிறது.

வர்மத்தைச் சொன்னதும் போதிதர்மர் வந்துவிடுவார், தெரியும். காஞ்சிபுரத்திலிருந்து அவர்தான் இந்தக் கலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்று கடையில் என்னோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. போதிதர்மர் சீனாவுக்குப் போனதாகச் சொல்லப்படுவது கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில். சீனத்தில் மாவாங்துய் என்னும் இடத்தில் 1973இல் தோண்டிய கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. அதற்குள் கிடைத்த பட்டுச் சுவடிகளில் இந்தப் பாதைகள் வருணிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவடிகளில் ஊசி இல்லை. மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் வைத்தியம்தான் இருக்கிறது. ஊசி அதற்கடுத்த நூறாண்டுக்குள் நூல்களில் ஏறுகிறது. எப்படிக் கூட்டினாலும் போதிதர்மருக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே நடந்த காரியம். நம் வர்மத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று அதற்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, அது தன் காலிலேயே நிற்கும்.

சீனாவிலும் இந்த ஊசிக்கு எப்போதும் மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டில் புள்ளிகளை ஓட்டையிட்ட வெண்கல மனிதனைச் செய்து, மெழுகு பூசி, மாணவன் சரியான இடத்தில் குத்தினால் உள்ளிருந்து நீர் கசியும்படி தேர்வு வைத்தார்கள். 1822இல் பேரரசரின் மருத்துவக் கழகமே ஊசியைப் பாடத்திலிருந்து தூக்கிவிட்டது. 1950களில் மாவோ ஆட்சிதான் அதை மறுபடியும் தூக்கி நிறுத்தியது; அத்தனை கோடி மக்களுக்கு டாக்டர்கள் போதவில்லை என்ற நெருக்கடியும் அதில் சேர்ந்திருந்தது. மேற்கத்திய உலகத்தின் கண்ணில் பட்டது 1971இல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போன இடத்தில் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஊசி குத்தியே மயக்கமருந்து இல்லாமல் அவருக்கு அறுவை செய்தார்கள் என்று இன்றைக்கும் மேடைகளில் முழங்குகிறார்கள். அவர் எழுதியது அப்படி இல்லை. வழக்கமான மயக்கமருந்து ஊசி போட்டுத்தான் அறுத்தார்கள். அதற்குப் பிந்தைய வயிற்று உப்புசத்துக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அக்குபஞ்சர் ஊசிகள் வைத்தார்கள், மூலிகைச் சூடும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உப்புசம் தணிந்தது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போனார், ஊசி அமெரிக்காவுக்குப் போனது.

இந்தியாவுக்கு அதைவிட முன்பே வந்துவிட்டது என்பதை நம் ஆட்கள் சொல்வதில்லை. 1938இல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்து சீனர்களின் அன்புக்குரியவர் ஆனார். அதே குழுவில் போன வங்காள மருத்துவர் விஜய்குமார் பாசு 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா போய் ஊசி மருத்துவம் கற்று, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இலேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியதற்கு அந்த விதைதான் காரணம்.

இப்போது என் அக்கா வீட்டுக்காரர். பனங்காட்டில் கொலுசுப் பட்டறை. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே சொன்னது. கழுத்துப் பட்டை போடச் சொன்னார்கள், போட மாட்டேன் என்றார். "கொலுசு எடுக்க வருகிற வியாபாரி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விலையைக் குறைப்பான், மாப்பிள்ளை." மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு எரிந்தது. கடைசியில் யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். அந்தப் படிப்பு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அக்குபஞ்சரும் அதில் ஒரு பாடம். அந்த மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன் கேட்ட கேள்விகள்தான் அவர்மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம். கை மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, நடக்கும்போது கால் பின்னுகிறதா, இரவில் வலி தூக்கத்தைக் கலைக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா? இதில் எதற்காவது ஆம் என்று சொல்லியிருந்தால் ஊசியை எடுத்திருக்க மாட்டேன், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். தண்டுவடம் நசுங்குகிற கழுத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவது.

பிறகு மண்டையோடு முடியும் இடத்தில் இருபுறமும், தோள் மேட்டில் மேலாக, கடைசியாகக் கையின் ஓரத்தில் சுண்டுவிரல் மூட்டுக்குக் கீழே என்று ஊசிகள் ஏறின. "அங்கே எனக்கு வலி இல்லையே, டாக்டர்," என்றார் மாமா. பழைய வரைபடத்தின்படி சுண்டுவிரலில் தொடங்கும் ஒரு பாதை கை வழியாக ஏறித் தோளைக் கடந்து கழுத்தில் போகிறது. கழுத்துக்குக் கையில் குத்துவதன் காரணம் அதுதான் என்றார் அவர். ஊசியை இலேசாகத் திருகியபோது மாமா முகத்தைச் சுளித்தார். வலிக்கிறதா என்றதற்கு, "வலி இல்லை, கனக்கிறது" என்றார். அந்தக் கனம் அல்லது மதமதப்பு வந்தால்தான் சரியான இடம் என்று சீன மரபு எண்ணுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. பட்டறையில் இரவு இரண்டு மணிவரை விழிக்கிற மனிதர்.

சில வாரங்களில் கழுத்து திரும்பியது, தூக்கமும் வந்தது. தீபாவளி ஆர்டர் நேரத்தில் வலி பாதி திரும்பி வந்தது, பிறகு போனது. அதே மருத்துவர் பலகையின் உயரத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றச் சொல்லியிருந்தார். மாமா அதிசயமாக இரண்டையும் செய்தார். அப்படியானால் குணமாக்கியது எது? ஊசியா, உயர்ந்த பலகையா, மல்லாந்து படுத்த அரை மணி நேர ஓய்வா, தன் பேச்சை ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேட்டதா? அல்லது ஒன்றும் செய்யாமலிருந்தாலும் குறைந்திருக்குமா? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு எதுவும் சற்று இறங்கத்தானே செய்யும். இதை நான் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "எதனால் குறைந்தது என்று நீ கண்டுபிடித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டுவிட்டுச் சலங்கையை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு வேண்டாம். ஊருக்கு வேண்டும். ஒருவர் கழுத்தை வைத்து எதுவும் நிரூபணமாகாது என்பதால்தான் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துச் சோதிக்கிறார்கள். மாத்திரைச் சோதனையில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கலாம். போலி ஊசிக்கு எங்கே போவது? ஜெர்மானியர்கள் 1998இல் ஒன்று செய்தார்கள்: நாடகத்தில் குத்தும்போது பிடிக்குள்ளேயே போய்விடும் கத்தி மாதிரி, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் மடங்கும் ஊசி. இன்னொரு வழி, புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்துவது.

இரண்டாவது வழியில் ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றின் எண்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களைக் குழப்பிவிடுவதற்காகவே. நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேர். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர், ஒரு பிரிவுக்குப் போலி அக்குபஞ்சர், ஒரு பிரிவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள்: முறையான ஊசியில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களை யாரிடம் காட்டினாலும் அவரவர் கட்சிக்கு ஆதாரம் கிடைத்துவிடும். புள்ளியில் குத்தினாலும் பக்கத்தில் குத்தினாலும் ஒன்றுதான் என்றால் 361 புள்ளிகள் எதற்கு என்பார் ஒருவர். கேள்வி நியாயமானது, அந்தப் பாதைகளைக் கத்தி வைத்துத் தேடியவர்கள் உடலில் அப்படி ஒரு கால்வாயைக் கண்டதில்லை. குத்தியதில் எதுவாக இருந்தாலும் மாத்திரையைவிட எத்தனையோ பேர் தேறியிருக்கிறார்களே என்பார் இன்னொருவர். அதுவும் நியாயம்தான். ஜெர்மன் அரசுக் காப்பீடு இரண்டாவது கட்சியில் சேர்ந்து, இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் ஊசிச் செலவைக் கொடுக்கத் தொடங்கியது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்து, 2016இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே அமைப்பு ஒற்றைத் தலைவலியையும் இறுக்கத் தலைவலியையும் தடுக்க 5 முதல் 8 வாரங்களில் 10 தடவை வரை ஊசி என்று 2012இல் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் முதியோர் காப்பீடு 2020 முதல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 தடவை வரை பணம் தருகிறது. முன்னேற்றம் இருந்தால் இன்னும் 8, இல்லையென்றால் நிறுத்து. இந்தக் கடைசி நிபந்தனையை நம் ஊரில் ஒவ்வொரு சிகிச்சை அறையின் வாசலிலும் எழுதி மாட்டலாம். பத்துப் பன்னிரண்டு தடவையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் அதற்குமேல் கொட்டும் பணம் வீண்.

பல ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய கணக்கெடுப்பு 2018இல் வந்தது: 39 ஆய்வுகள், 20,827 பேர். கழுத்து, முதுகு, தோள், முழங்கால், நாட்பட்ட தலைவலி ஆகியவற்றில் முறையான ஊசி, போலி ஊசியைவிட மேல். ஆனால் வித்தியாசம் சிறியது. ஊசியே இல்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கிடைத்த பலன் ஓராண்டு கழித்தும் பெரும்பாலும் நிற்கிறது. குறைவது சுமார் 15 சதவீதம். ஏன் என்பதற்கும் கொஞ்சம் தடயம் உண்டு. ஊசி திருகப்படும் இடத்தில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் பெருகி அங்குள்ள வலி நரம்பை அடக்குவதை 2010இல் எலிகளில் காட்டினார்கள். மூளை தானே சுரக்கும் அபின் போன்ற எண்டார்ஃபின்களும் இதில் பங்கெடுக்கின்றன என்று 1970களிலிருந்தே சோதனைகள் சொல்கின்றன. அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்தபோது ஊசியின் வலிநிவாரணமும் சில ஆய்வுகளில் மறைந்தது. மீதி, நம்பிக்கையும் ஓய்வும். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கொலுசுக்காரருக்கு அரை மணி நேரம் மல்லாந்து படுக்கச் சாக்குக் கிடைப்பதே அரிது.

ஆக, என் தீர்ப்பு: வலிக்கு ஊசி ஒரு சுமாரான, பெரும்பாலும் ஆபத்தில்லாத துணை. சுமார் என்று சொல்வதால் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். நாட்பட்ட வலிக்கு நான் விற்கும் மாத்திரைகளும் சுமார்தான். வயிறு எரிகிறவருக்கும், சிறுநீரகம் பலவீனமானவருக்கும், வாரத்தில் பாதி நாள் தலைவலிக்கு மாத்திரை போட்டு அதனாலேயே மேலும் தலைவலியை வரவழைத்துக்கொள்கிறவருக்கும் மாத்திரையில்லாத ஒரு வழி இருப்பது பெரிய விஷயம். வலியையே மூலதனமாகப் போட்டுத் தொழில் செய்யும் ஊர் இது.

கெடுதல் எங்கே தொடங்குகிறது என்றால், ஊசி துணை என்ற இடத்திலிருந்து மதம் என்ற இடத்துக்கு ஏறும்போது. நம் தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்ற பெயரில் நடப்பதில் ஒரு பகுதியில் ஊசியே கிடையாது. நாடி பார்ப்பார்கள், ஒரு புள்ளியில் விரலைச் சில நொடிகள் வைப்பார்கள், முடிந்தது. பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, நேரத்தோடு தூங்கு என்பார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த வாக்கியம்தான் கத்தி: இன்றோடு எல்லா மாத்திரையையும் நிறுத்து. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஊசியை வைத்து, வலிக்காக நடந்தவை. அவற்றைக் காட்டி விரல் வைத்தியத்துக்கும், வலியைக் காட்டிச் சர்க்கரைக்கும் சான்றிதழ் வாங்க முடியாது.

எங்கள் கடையில் பல வருடமாகச் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கிய ஒரு பாட்டி திடீரென்று வருவதை நிறுத்தினார். மகளோடு வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் மகன் வந்து காலில் ஆறாத புண்ணுக்குக் களிம்பு கேட்டார். விசாரித்தால், தொட்டே குணப்படுத்துகிறவர் ஒருவர் மருந்துதான் நஞ்சு என்று சொல்லியிருக்கிறார். சர்க்கரை ஏறுவது உடல் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதன் அடையாளமாம். பாட்டி பரிசோதனையையும் நிறுத்திவிட்டார். விரல் ஒன்றை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தைக்கு இதே பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினால், காலைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமிருக்காது. சில நாட்களில் உயிர் போய்விடும். காய்ச்சல் கழிவு வெளியேறுவது என்று வீட்டிலேயே படுக்க வைத்தால், டெங்குக் காலத்தில் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்தைக் குறைப்பது நல்ல ஆசைதான். அதைச் செய்ய வேண்டியவர், எழுதிக் கொடுத்த மருத்துவர், கையில் பரிசோதனை முடிவோடு.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக, பதிவு பெற்ற மருத்துவர்களும் தகுந்த பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்று ஆணையிட்டது. 2019இல் தனி முறையாக அங்கீகரித்தது. 'தகுந்த பயிற்சி' என்ற இரண்டு சொற்களுக்குள் ஐந்தரை ஆண்டுப் பட்டமும் நுழைகிறது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நுழையப் பார்க்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் தங்க முத்திரை எவ்வளவு பெரியதோ அவ்வளவு கவனமாக அதன் கீழே இருக்கும் காலத்தைப் படிக்க வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான். ஊசி உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்தியது குப்பைக்குப் போக வேண்டும், கொதிநீரில் போட்டு எடுத்தோம் என்ற சமாதானம் செல்லாது. மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமி ஊசி வழியாகப் பரவியதற்கு ஆதாரம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; பேஸ்மேக்கர்காரருக்கு மின்துடிப்பு கூடாது. தோள் மேட்டிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். அரிதுதான். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்ததில் இரண்டு பேருக்கு நடந்தது. அதே கணக்கில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது சிறு தொல்லை, பெரும்பாலும் இரத்தக் கட்டு. அங்கே குத்தியவர்கள் அனைவரும் மருத்துவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் குத்தினாலோ அந்த அறைக்குத் திரும்பிப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலியை விட்டால் ஊசிக்கு உறுதியான ஆதாரமுள்ள இன்னோர் இடம் குமட்டல். உள் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் ஒரு புள்ளி. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கு இதைப் பற்றி மட்டும் 59 ஆய்வுகள், 7667 பேர். 2015இல் தொகுத்துப் பார்த்தபோது வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஏறக்குறைய சமமாக நின்றது. ஊசி குத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, அழுத்தினாலும் பலன் இருந்தது.

இதை நான் சொன்னதும் வாடிக்கையாளர்களுக்கு உடனே நினைவு வருவது ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் எத்தனையாவது வளைவில் வயிறு புரளும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எலுமிச்சம்பழம் முகர்கிறவர்கள், புளிப்பு மிட்டாய்க்காரர்கள், கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்கள் என்று பல பள்ளிகள். மணிக்கட்டை அழுத்தும் பள்ளியும் இப்போது சேர்ந்திருக்கிறது; குண்டுமணி வைத்த பட்டைகூட விற்கிறது. பயண வாந்திக்கு அந்தப் புள்ளியின் ஆதாரம், அறுவை சிகிச்சைக்கு இருக்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. சில ஆய்வுகளில் பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை. காசில்லாத காரியம், கெடுதலும் இல்லை, அழுத்திப் பார்க்கலாம். ஜன்னலோரம் முன்சீட்டு கிடைத்தால் வளைவைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். மாத்திரைதான் வேண்டும் என்றால், மலையடிவாரத்தில் பஸ் முதல் வளைவில் திரும்பும்போது வாயில் போட்டுப் பயனில்லை. அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஏற்காடு வந்துவிடும். சேலத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் போடக் கூடாது, தூக்கம் வரும்.